வாசகர் கேள்வி பதில்: தராசில் கழிபடும் உழைப்பு

மலையகத்தின் வைத்தியசாலைகளில் பணிபுரியும் தாதியரிடமிருந்து வந்த மூன்று கடிதங்களுக்கு, 34 ஆண்டுகள் அரச தாதிய சேவையில் இருந்து ஓய்வுபெற்ற தாதிய சகோதரி ஒருவர் இவ்விதழில் பதிலளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்களையும் வைத்தியசாலைகளின் பெயர்களையும் தவிர்த்துள்ளோம்.

கேள்வி: நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்து, மூன்று வருடத் தாதியர் பயிற்சியை முடித்து, அரச வைத்தியசாலை ஒன்றில் இரண்டாவது வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் வார்ட்டில் தமிழ் தெரிந்த தாதி நான் ஒருத்திதான். டாக்டர் தோட்டத்து நோயாளிகளிடம் எதைக் கேட்க வேண்டுமென்றாலும், பக்கத்து வார்ட்டில் இருந்தும்கூட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் என் பொறுப்பில் உள்ள கட்டில்களின் வேலை பிந்துகிறது. பிந்தியதற்கு நோயாளிகள் முன்னாலேயே ஏச்சு விழுகிறது. “தோட்டத்து ஆட்களால் இவ்வளவுதான் முடியும்” என்று மூத்த தாதி ஒருவர் என் காதுபடச் சொன்னார். மூன்று மாதமாக மற்றவர்களைவிட எனக்கே இரவுக் கடமை அதிகம். கடமை மாறும் நேரத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு “தெரியாதா?” என்று கேட்கிறார்கள். வேலையை விட்டு வெளிநாடு போய்விடலாமா என்று யோசிக்கிறேன். அம்மா, “பொறுத்துக்கொண்டு போ மகள்” என்கிறார். நான் என்ன செய்வது?
— வாசகி, நுவரெலியா மாவட்டம்

பதில்: அன்பு மகளுக்கு, உங்கள் அம்மா சொன்னதை நான் குறைத்து மதிக்க மாட்டேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று ஏச்சு வாங்கி, அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், கிடைத்தால் போதும் என்று மலையேறிய தலைமுறைக்குப் பொறுமை ஒன்றுதான் கையில் இருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்திற்குப் பிறகு நம்மவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக இருந்த காலத்தில், அரச உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பே அவர்களுக்கு இருக்கவில்லை. என் தகப்பனார் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவுப் பிரஜையாகியிருந்ததால்தான் நான் இந்த வெள்ளை உடுப்பைப் போட முடிந்தது. அந்த நினைவோடுதான் அம்மா பேசுகிறார். ஆனால் அவருக்குப் பொறுமை தேவைப்பட்ட இடத்தில் உங்களுக்குச் சட்டமும், நியமனக் கடிதமும், எழுதத் தெரிந்த கையும் இருக்கின்றன.

முதலில் மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் துன்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. கொழுந்து நிறுக்கும்போது தராசில் கிலோ கழிப்பதைப் பற்றி உங்கள் அம்மாவிடம் கேட்டால் நாள் முழுவதும் சொல்வார். பறித்தது இருபது, பேரேட்டில் ஏறியது பதினெட்டு. உங்கள் வார்ட்டிலும் அதுதான் நடக்கிறது. நெஞ்சுவலி எப்போது தொடங்கியது, எந்த மாத்திரையை விழுங்கினார், கர்ப்பிணியின் வயிற்றில் பிள்ளை கடைசியாக எப்போது அசைந்தது என்பதையெல்லாம் பிழையில்லாமல் கேட்டு டாக்டரிடம் சேர்ப்பது நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்ட வேலை. அது எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. அதற்குச் செலவான நேரம் மட்டும் உங்கள் தாமதமாகக் கணக்கில் ஏறுகிறது. 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாக்கப்பட்டது. ஆகவே தமிழ் நோயாளிக்கு அவருடைய மொழியில் சேவை கிடைக்கச் செய்வது நிறுவனத்தின் கடமை. அது ஒரு தாதியின் தனிப்பட்ட உபகாரம் ஆகாது. அந்தக் கடமையை நிறைவேற்ற உங்களைப் பயன்படுத்துகிறார்கள் என்றால், அதற்கேற்ப உங்கள் கட்டில்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், அல்லது அந்த நேரத்தில் உங்கள் நோயாளிகளைப் பார்க்க இன்னொருவரை நிறுத்த வேண்டும். இதைக் கேட்பதற்கு நீங்கள் கூச வேண்டியதில்லை. நாளை முதல் ஒரு கொப்பியில் எந்த நேரத்தில், யார் அழைத்து, எந்த வார்ட்டுக்கு, எவ்வளவு நேரம் போனீர்கள் என்று எழுதுங்கள். நோயாளியின் பெயரோ நோயின் விவரமோ அதில் இருக்கக் கூடாது. நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகள் உள்ள பெட்ஹெட் டிக்கெட்டைக் கைத்தொலைபேசியில் படமெடுக்கவும் கூடாது. அப்படிச் செய்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் குற்றம் உங்கள் மேல் வந்துவிடும்.

கடமை மாறும்போது தகவலை மறைப்பது இன்னொரு வகை. இதை நான் சாதாரண மனஸ்தாபமாக ஒருபோதும் பார்த்ததில்லை. சேவைக்கு வந்த இரண்டாம் வருடம், ஓர் இரவுக் கடமையில் வயதான ஒரு தாய்க்கு இன்சுலின் போட வேண்டியிருந்தது. கையெழுத்தில் 4 அலகு என்று இருந்ததை நான் 40 என்று வாசித்தேன். அலகைக் குறிக்கும் ஆங்கில ‘யு’ எழுத்து அவசரக் கையெழுத்தில் பூச்சியம் போலவே தெரியும். இவ்வளவு அதிகமா என்று மனம் கேட்டது. ஆனால் அதற்கு முதல் நாள்தான் சந்தேகம் கேட்டதற்காக எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கியிருந்தேன்; ஆகவே வாயைத் திறக்காமல் மருந்தை சிரிஞ்சில் எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மூத்த சிங்களத் தாதி ஒருவர் அதைக் கண்டு, “நங்கி (தங்கச்சி), கொஞ்சம் பொறு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் நினைப்பேன். கேள்வி கேட்கப் பயப்படும் தாதியை உருவாக்கும் வார்ட் நோயாளிக்கு ஆபத்தான வார்ட். ஆகவே முறைப்பாடு எழுதும்போது “என் மனம் புண்பட்டது” என்பதோடு நிறுத்தாமல், எந்தத் திகதியில், எந்தக் கடமை மாற்றத்தில், என்ன தகவல் சொல்லப்படாமல் விடப்பட்டது, அதனால் சிகிச்சையில் என்ன பாதிப்பு வந்தது அல்லது வரவிருந்தது என்பதை எழுதுங்கள். நிர்வாகத்தால் தட்டிக்கழிக்க முடியாத பகுதி அதுதான். இனிமேல் கடமையை ஏற்கும்போது ஒவ்வொரு கட்டிலாக நின்று கேளுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் வராததையும் அறிக்கைப் புத்தகத்தில் நிதானமான வார்த்தைகளில் பதியுங்கள்.

இரவுக் கடமை அநீதியாகப் பகிரப்படுகிறதா என்பதை உணர்வால் நிறுவ முடியாது, எண்ணினால் நிறுவலாம். மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரையான கடமைகள் மூன்று மாத ரோஸ்டரில் (கடமை அட்டவணையில்) ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுந்தன என்று கணக்கெடுங்கள். பழைய ரோஸ்டரைத் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வைத்தியசாலையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். கணக்கெடுத்த பின் வித்தியாசம் பெரிதாக இல்லை என்று தெரிந்தால், அந்தக் குற்றச்சாட்டை விட்டுவிடுங்கள். உண்மையான முறைப்பாட்டை அது பலவீனப்படுத்தும்.

“தோட்டத்து ஆட்கள்” என்று சொன்னவரைப் பற்றி: அந்த வார்த்தையை யார் முன்னிலையில், எந்த நாள், எந்த நேரம் சொன்னார் என்று அன்றே எழுதி வைத்திருக்க வேண்டும், எழுதாவிட்டால் இன்றைக்கே நினைவிலுள்ளபடி எழுதுங்கள். முதலில் வார்ட்டுக்குப் பொறுப்பான தாதிய சகோதரியிடம் நேரில் பேசுங்கள். பலன் இல்லாவிட்டால் தாதியருக்குத் தலைவியான மேட்ரனுக்கும், அதன்பின் பணிப்பாளருக்கோ வைத்திய அத்தியட்சகருக்கோ கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். அதற்கு மேல் போகும் வழி, உங்கள் வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருக்கிறதா, மாகாண சபையின் கீழ் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அரச உத்தியோகத்தரின் ஒழுக்காற்று விடயங்களுக்கு, அரச சேவை விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி இருக்கிறது. உங்கள் தொழிற்சங்கக் கிளையில் அதை நன்கு அறிந்தவர்கள் இருப்பார்கள், கடிதத்தை அவர்களிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். இனம், மொழி, பிறந்த இடம் காரணமாகப் பாரபட்சம் காட்டக் கூடாது என்று அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை சொல்கிறது. அந்த உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்திற்குள் போக வேண்டும். அதே ஒரு மாதத்திற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. எல்லோரும் நீதிமன்றம் வரை போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆறு மாதம் கழித்து வருபவர்களுக்கு அந்தக் கதவு மூடியிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெளிநாடு போவது உங்கள் உரிமை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ நல்ல பிள்ளைகள் போய்விட்டார்கள். ஆனால் அவமானத்தில் எழுதும் இராஜினாமாக் கடிதத்தைக் கையில் எடுக்க வேண்டாம். பயிற்சிக்காகக் கையெழுத்திட்ட பிணை ஒப்பந்தத்தை முதலில் வாசியுங்கள். போவதென்றால் அனுபவச் சான்றிதழோடும் சுத்தமான சேவைப் பதிவோடும், நீங்களாகத் தெரிந்தெடுத்த நாளில் போங்கள்.

கேள்வி: நான் வார்ட் ஒன்றுக்குப் பொறுப்பான தாதிய சகோதரி. கண்டிப்பானவள்தான், மறுக்கவில்லை. எங்களையும் இப்படித்தான் பழக்கினார்கள், அதனால்தான் வேலை கற்றோம். இப்போது இளைய தாதியர் மூவர் சேர்ந்து நான் கொடுமைப்படுத்துவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாளாக எனக்கு உறக்கமில்லை. கண்டிப்பது குற்றமா?
— வாசகி, பதுளை மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, கண்டிப்பது குற்றமில்லை. ஆட்பற்றாக்குறையோடு ஒரு வார்ட்டை இழுத்துக்கொண்டு போகிறவரின் களைப்பு எனக்குத் தெரியும். ஆனால் நமக்கு ஏசியதால்தான் நாம் கற்றோம் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டித் தந்தவர்களால்தான் நான் கற்றேன். ஏசியவர்களிடமிருந்து பிழையை மறைக்கத்தான் கற்றேன். உங்களுக்கும் அப்படியில்லையா என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

கண்டிப்புக்கும் அவமதிப்புக்கும் உள்ள வேறுபாடு குரலின் உயரத்தில் மட்டும் இல்லை. நோயாளியும் அவருடைய சொந்தக்காரரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னீர்களா, அறைக்குள் அழைத்துச் சொன்னீர்களா? நரம்பில் ஏற்றும் குழாயான கனூலாவைச் சரியாகப் போடவில்லை என்றீர்களா, அல்லது “உனக்கு எதுவுமே வராது” என்றீர்களா? பதில் சொல்ல அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுத்தீர்களா? முதல் பிழைக்கும் பத்தாவது பிழைக்கும் ஒரே அளவில்தான் ஏச்சு விழுந்ததா? விசாரணையில் இவற்றைத்தான் கேட்பார்கள். அதற்கு முன் நீங்களே கேட்டுக்கொள்வது நல்லது.

எழுதிக் கொடுத்த மூவரையும் இப்போது அழைத்துச் சமாதானம் பேச வேண்டாம். விசாரணை நடக்கும் நேரத்தில் அது மிரட்டலாகவே தோன்றும். அவர்களுடைய லீவையும் இரவுக் கடமையையும் கொஞ்சமும் மாற்றாதீர்கள். அதைவிட, ரோஸ்டர் போடும் முறையையே வெளிப்படையாக்குங்கள். கடந்த மாதங்களில் யாருக்கு எத்தனை இரவு, யாருக்குப் பண்டிகை நாளில் லீவு என்ற கணக்கை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி வையுங்கள். வெசாக்கில் வேலை செய்த தமிழ்ப் பிள்ளைக்குத் தீபாவளியிலும், தீபாவளியில் வேலை செய்த சிங்களப் பிள்ளைக்கு வெசாக்கிலும் லீவு கிடைக்கும்படி நான் வைத்திருந்த சிறிய ஏற்பாட்டினால், எங்கள் வார்ட்டின் சச்சரவில் பாதி குறைந்தது. உங்கள் தரப்பு விளக்கத்தைக் கோபம் தணிந்த பிறகு எழுதுங்கள். தவறு நடந்த ஓரிரு சந்தர்ப்பங்கள் நினைவுக்கு வந்தால் அவற்றை ஒத்துக்கொண்டே எழுதுங்கள்.

கேள்வி: கண்டிப் பகுதியில் தனியார் வைத்தியசாலை ஒன்றில் உதவித் தாதியாக இருக்கிறேன். நியமனக் கடிதம் தரவில்லை. கல்விச் சான்றிதழ்களின் மூலப் பிரதிகளை வாங்கி வைத்திருக்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதி பிடிப்பதாகச் சொல்கிறார்கள், சிட்டை இல்லை. இரவில் வரும் மேற்பார்வையாளர் அசிங்கமாகப் பேசுகிறார்.
— வாசகி

பதில்: மகளே, கடைசியாக எழுதியதை முதலில் எடுக்கிறேன். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆவது பிரிவின்படி பாலியல் தொந்தரவு குற்றமாகும். அதிகாரத்தில் உள்ளவர் வேலைத்தலத்தில் வார்த்தையால் செய்தாலும் அதில் அடங்கும். ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் மகளிர் பிரிவில், நம்பிக்கையான ஒருவரை அழைத்துக்கொண்டு போய் முறைப்பாடு செய்யுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்பாதீர்கள். அதுவரை அவர் வரும் இரவுகளில் தனியாக நிற்க வேண்டாம்.

சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும், முதலாளி தன் பங்காக 12 சதவீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதம் முழுவதும் முதலாளியுடையது, அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்பதை உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில், அடையாள அட்டையோடு போய்க் கேட்டு அறியலாம். நியமனக் கடிதம் இல்லாதவர் ஊழியரே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் விவரம், கடமை அட்டவணையின் பிரதி, உங்கள் பெயர் பொறித்த அட்டை எல்லாம் சாட்சிதான். சான்றிதழ்களைத் திருப்பித் தரும்படி ஒரு திகதி குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அந்தத் திகதி கடந்தால், தபால் சிட்டையும் கடிதத்தின் பிரதியும் கையில் இருக்க அதே தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.