கோல் ஏன் முறுக்கிக்கொள்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தூண்டில் கோலை வீட்டிலேயே கட்டிக்கொள்வது பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்த பிறகுதான் இதில் இறங்கினேன். எங்கள் பக்கத்துக் குளங்களில் விரால் பிடிக்க பிடியும் வளையமும் பொருத்தாத, ஏழடி நீளமுள்ள கார்பன் வெறுங்கோல் ஒன்றை வரவழைத்திருக்கிறேன். பிடிக்கு மேலே உட்காரும் உருளை ரீல் பூட்டப்போகிறேன். தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைக் கட்டும் முன் கோலின் ‘முதுகெலும்பை’, அதாவது மற்ற பக்கங்களைவிட விறைப்பான பக்கத்தை, கண்டுபிடிக்க வேண்டும், அதே வரிசையில் கட்டாவிட்டால் மீன் இழுக்கும்போது கோல் முறுக்கிக்கொள்ளும் என்று பார்த்த வீடியோக்களில் எல்லாம் சொல்கிறார்கள். நானும் உருட்டிப் பார்த்தேன். ஒருமுறை ஓரிடத்தில் நிற்கிறது, அழுத்தத்தை மாற்றினால் வேறிடத்தில் நிற்கிறது. குறையுள்ள கோலை என் தலையில் கட்டிவிட்டார்களா? ‘இந்தக் காசுக்குக் கடையில் இரண்டு கோல் வாங்கியிருக்கலாமே’ என்கிறார் என் மாமா. அவருக்குச் சொல்லவும் ஒரு பதில் வேண்டும். பிடிக்கு மேலே வண்ண நூலில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பின்னல் போடவும் ஆசை.

எஸ்.,
ஸ்ரீவைகுண்டம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோலில் குறை எதுவும் இல்லை. வீடியோக்கள் முறுக்கலுக்குச் சொல்லும் காரணம்தான் தவறு.

கார்பன் கோல் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். பிசின் ஊறிய கார்பன் துணியை அளவாக வெட்டி, நுனி சிறுத்த இரும்புத் தண்டின் மேல் இறுக்கமாகச் சுருட்டுகிறார்கள். அதன்மேல் நாடாவைச் சுற்றி அடுப்பில் சுடுகிறார்கள். சூட்டில் நாடா சுருங்கித் துணியை நெருக்குகிறது. பிறகு தண்டை உருவி எடுத்தால் உள்ளே குழலான கோல் கிடைக்கிறது. துணி தொடங்கும் விளிம்பும் முடியும் விளிம்பும் எங்கோ ஓரிடத்தில் மேலேறியே ஆக வேண்டும். அங்கே சுவர் சற்றுத் தடிமன். போதாததற்கு, எந்தக் கோலும் அம்பு போல நேராக வெளியே வருவதில்லை, இயல்பாகவே சிறு வளைவு இருக்கும். அடியைத் தரையில் ஊன்றி, நுனியை ஓர் உள்ளங்கையில் தாங்கி, நடுவில் அழுத்தி உருட்டும்போது இந்த இரண்டும் கலந்துதான் உங்கள் கைக்குத் தெரிகின்றன. அழுத்தம் மாறினால் நிற்கும் இடமும் மாறுவது அதனால்தான்.

சரி, முறுக்கல் எங்கிருந்து வருகிறது? வளையங்களிலிருந்து. உங்கள் ரீல் கோலுக்கு மேலே இருப்பதால் வளையங்களையும் மேலேயே கட்டுவீர்கள். மீன் இழுக்கும்போது கோல் கீழ்நோக்கி வளைகிறது. நரம்போ வளையத்தின் உயரத்தில், கோலுக்கு மேலே நின்று கீழே அழுத்துகிறது. தோளில் கிடக்கும் கம்புக்கு அடியில் வாளியைத் தொங்கவிட்டால் அது பேசாமல் நிற்கும், கம்புக்கு மேலே நிறுத்திப் பார்த்தால் எந்தப் பக்கமாவது சரியத்தான் பார்க்கும். நரம்பும் அப்படித்தான். வாய்ப்புக் கிடைத்ததும் கோலைச் சுழற்றிக்கொண்டு கீழே போகப் பார்க்கிறது. வளையத்தின் கால் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு இந்தத் திருகு விசை கூடும். இதற்கு முன்னால் சுவரின் தடிமன் வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. கீழே தொங்கும் ரீலுக்கு வளையங்களும் கீழேயே இருப்பதால் அந்தக் கோல்கள் முறுக்கிக்கொள்வதில்லை.

என் பேச்சை நம்ப வேண்டாம், வீட்டிலேயே சோதித்துவிடலாம். வளையங்களை நூலால் கட்டாமல், மெல்லிய ரப்பர் குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கி அவற்றால் கோலில் தற்காலிகமாகப் பொருத்துங்கள். நரம்பைக் கோத்து, முனையை ஒரு சுருள் தராசில் கட்டி, நண்பர் ஒருவரை ஒன்றிரண்டு கிலோ அளவுக்கு இழுக்கச் சொல்லுங்கள். பிடியை இறுக்காமல் உள்ளங்கைகளில் கிடத்திக்கொள்ளுங்கள். வளையங்கள் மேலே இருக்கும்வரை, ‘முதுகெலும்பு’ எந்தப் பக்கம் இருந்தாலும் கோல் உருளும். கோலைத் திருப்பி வளையங்களைக் கீழே கொண்டுவந்தால் அசையாமல் நிற்கும். கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள். கோலை நெட்டுக்குத்தாக நிறுத்தி நுனியை மடக்கி இழுக்கவே கூடாது. நல்ல கோல்கள் பலவும் ஒடிவது அப்படித்தான்.

விராலுக்கு என் பரிந்துரை சுழல்கட்டு. ரீலுக்கு அடுத்த முதல் வளையம் மேலே இருக்கட்டும். இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கவாட்டில் படிப்படியாக இறக்குங்கள். நான்காவதிலிருந்து நுனிவரை எல்லாம் அடிப்புறம். பார்த்தவர்கள் கோணலாகக் கட்டியிருக்கிறான் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அல்லியும் ஆகாயத்தாமரையும் மண்டிய குளத்தில், ரப்பர் தவளையை விழுங்கிய விராலை வேருக்குள் போகவிடாமல் ஒரே இழுப்பில் மேலே கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தில் மணிக்கட்டின் வலு முழுவதும் மீனுக்கே போக வேண்டும், கோல் சுழலாமல் பிடிப்பதில் அதில் பாதி வீணாகக் கூடாது.

வளையங்களின் இடைவெளிதான் இந்தக் கலையின் உயிர் என்பேன். அடி எத்தனையோ அத்தனை வளையங்கள், கூடவே ஒன்று என்பது பழைய கணக்கு. ஏழடிக்கு எட்டு என்று தொடங்கலாம். நுனிப்பக்கம் நெருக்கமாகவும் அடிப்பக்கம் அகலமாகவும் வையுங்கள். பிறகு கோலை வளைத்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கோலின் வளைவை ஒட்டியே நரம்பு ஓட வேண்டும். எங்காவது ஒரு வளையத்தில் அது வெடுக்கென்று மடங்கினால், அண்டை வளையங்களை அந்த இடத்துக்கு நெருக்குங்கள். இதில் ஒரு மாலை முழுவதும் போனாலும் அவசரப்படாதீர்கள். அட்டவணையைப் பார்த்து அளந்து கட்டியதற்கும் வளைத்துப் பார்த்துக் கட்டியதற்கும் உள்ள வேறுபாடு முதல் மீனிலேயே தெரியும். நுனிப்பக்கத்தில் ஆன மட்டும் சிறிய, எடை குறைந்த வளையங்களாகப் போடுங்கள். அங்கே கூடும் எடைதான் கோலை மந்தமாக்குகிறது.

இனி மாமாவுக்கு. காசு மிச்சமாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய். மிச்சமாகாது. ஆனால் கடைக்கோல் யாருடைய முன்கை நீளத்தையும் அளந்து வருவதில்லை. உங்கள் கோலின் பிடி உங்கள் முழங்கை அளவுக்கு நிற்கும். அவருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். 1496இல் இங்கிலாந்தில் அச்சான, தூண்டில் பற்றிய ஒரு புத்தகம், குளிர்காலத்தில் கொம்பை வெட்டி, அடுப்பில் சூடேற்றி நிமிர்த்தி, நான்கு வாரம் உலர்த்தி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையிட்டு, கோலை அவரவரே செய்துகொள்ளும் முறையை விளக்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பெயர்பெற்ற கைவினைஞர்கள் மூங்கிலை ஆறு சிம்புகளாகப் பிளந்து ஒட்டிக் கோல் செய்தார்கள். முதலில் அவர்கள் நம்பியது கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய மூங்கிலை, அதாவது நம் மலைச்சரிவுகளிலும் வளரும் கல்மூங்கிலைத்தான். தென் சீனத்து மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது பின்னால். கணுக்கள் ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கே வலு மாறும் என்பதால் சிம்புகளை முன்பின் தள்ளி ஒட்டினார்கள். வலு எங்கும் சீராக இருக்கும் கோல் அவர்களுக்கும் கிடைக்கவில்லை. இருந்ததை வைத்து வளைவைச் சீராக்கினார்கள்.

மயில்கழுத்துப் பின்னலைத் தாராளமாகப் போடுங்கள், ஆனால் கடைசியில். முதலில் வளையக் காலின் நுனியை அரத்தால் மெலிதாக்குங்கள், நூல் இடைவெளி விடாமல் ஏறும். நிறக்காப்புப் பூசாத சாதாரண நைலான் நூல், அதன்மேல் பூசும் எபாக்ஸிப் பிசினை உறிஞ்சிக் கருத்துவிடும். ஒரு பழைய குச்சியில் சுற்றிப் பூசிப் பார்த்த பிறகே நிறத்தை முடிவு செய்யுங்கள். எபாக்ஸியின் இரு பாகங்களையும் ஊசிக்குழலில் சரிசமமாக அளந்து, மெதுவாகக் கலந்து, அலுமினியத் தாளில் பரப்பிக்கொண்டால் குமிழிகள் வெளியேறும். பூசியபின் அது இறுகும்வரை கோல் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருபக்கமாக வழிந்து நிற்கும். மைக்ரோவேவ் தட்டைச் சுழற்றும் சிறு மோட்டார் இதற்குப் போதும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தனியாகவே கிடைக்கும். பழைய அடுப்பைப் பிரித்து அதை எடுக்காதீர்கள், மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் உயிரைப் பறிக்கும் மின்சாரம் அதனுள்ளே தங்கியிருக்கும். மழை நாளில் பூசினால் மேற்பரப்பு மங்கலாகும், வெயில் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நுனி வளையத்துக்கு மட்டும் எபாக்ஸி வேண்டாம். சூட்டில் இளகும் பசையால் ஒட்டினால் உடைந்தபோது எளிதில் மாற்றலாம்.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வயலோரக் குளங்களுக்கு மேல் பல இடங்களில் மின்கம்பிகள் தாழ்வாகப் போகின்றன. அங்கே கோலை வீசாதீர்கள், உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடக்கவும் செய்யாதீர்கள். இடி இடிக்கத் தொடங்கியதும் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையைவிட்டுப் போய்விடுங்கள்.

நூல் சுற்றுவதற்கு முன்னால், வளைத்த நிலையில் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எந்த வளையத்தை நகர்த்தலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.