கிரேனியோசாக்ரல் தெரபிக்குப் போலாமா? போங்க, ஆனா பாக்கேஜ் எடுக்காதீங்க

புக்கிட் மெர்த்தாஜாம்ல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. வயசு 47, பிறையில எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரில நின்னுக்கிட்டே 12 மணி நேர ஷிஃப்ட். நாலு வருஷமா இடுப்பு வலி, போன வருஷம் ஸ்பெஷலிஸ்ட் பார்த்துட்டு ஃபைப்ரோமயால்ஜியான்னு (உடம்பெல்லாம் நாள்பட்ட வலி வர்ற நோய்) சொல்லி ராத்திரிக்கு பிரிகாபலின்ங்கிற நரம்பு வலி மாத்திரை 75 மில்லிகிராம் கொடுத்திருக்காரு. இப்ப நாத்தனாரோட ஃபிரெண்டு ஒருத்தங்க பினாங்குத் தீவுல ஒரு சென்டர் இருக்கு, கிரேனியோசாக்ரல் தெரபி பண்றாங்க, தலைய லேசா பிடிச்சாலே வலி எல்லாம் போயிடும், 15 செஷன் 3,300 வெள்ளி (ரிங்கிட்), முழுசா முன்பணம் கட்டணும்னு சொல்லியிருக்காங்களாம். அவங்க கேக்கிறது மூணு விஷயம்: இது வேலை செய்யுமா, ஆபத்து ஏதும் வருமா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மாத்திரைய நிறுத்தணுமா.

நான் பிசியோதெரபிஸ்ட், நாள்பட்ட வலியோட வர்றவங்கள தினமும் பார்க்கிறவ, அதனால உங்க கேள்விக்கு மட்டும் நேரா சொல்றேம்மா. இந்தத் தெரபில உங்கள மெத்தையில படுக்க வச்சு, உடுத்தின துணியோடவே, தலை, கழுத்து, இடுப்புக்குக் கீழ உள்ள எலும்பு இங்கெல்லாம் ரொம்ப லேசா கை வைப்பாங்க. 5 கிராம் அழுத்தம்தான்னு அவங்களே சொல்லுவாங்க. ஒரு மணி நேரம் போல ஆகும். 1930கள்ல அமெரிக்காவுல சதர்லேண்ட்ங்கிற ஆஸ்டியோபாத் (எலும்பு, மூட்டு, சதைய கையாலயே சரி பண்ற வைத்தியர்) மண்டை ஓட்டு எலும்பு அசையுதுன்னு ஆரம்பிச்சு வச்சாரு, பிறகு 1970கள்ல அப்லெட்ஜர்ங்கிறவர் அதை கிரேனியோசாக்ரல்னு பேர் வச்சுப் பரப்பினாரு. மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி இருக்கிற நீருக்கு ஒரு தாளம் இருக்கு, அது தடைபட்டா வலி வரும், கையால அதை சரி பண்ணலாம்ங்கிறது அவங்க கொள்கை. இந்தக் கொள்கை நிக்கல. பெரியவங்களுக்கு மண்டை ஓட்டு எலும்பு கையில தெரியிற அளவுக்கு அசையறது கிடையாது, ஒரே ஆளை ரெண்டு தெரபிஸ்ட் தொட்டுப் பார்த்து அந்தத் தாளத்தை எண்ணச் சொன்னா ரெண்டு பேரும் வேற வேற எண்ணிக்கை சொல்றாங்க.

அப்ப எல்லாமே பொய்யான்னு கேட்டா, அப்படியும் சொல்ல மாட்டேன். 2011ல ஸ்பெயின்ல ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவங்களுக்கு செஞ்சு பார்த்ததுல வலியும் பதட்டமும் ஓரளவு குறைஞ்சதுன்னு வந்துச்சு, ஆனா ஒப்பிட்டுப் பார்த்த மத்த கூட்டத்துக்கு கொடுத்தது சுவிட்ச் போடாத மெஷின், மனுஷக் கை ஒரு மணி நேரம் படறதும் அதுவும் ஒன்னா சொல்லுங்க. பிறகு பல ஆய்வுகளை ஒன்னு சேர்த்துப் பார்த்தவங்கள்ல ஒரு குழு கொஞ்சம் பலன் இருக்குன்னாங்க, 2024ல இன்னொரு குழு பலன்னு சொல்ல ஒன்னும் இல்லன்னுட்டாங்க. நான் எடுத்துக்கிறது இதுதான்: அமைதியான ரூம், படுத்து கிடக்கிற ஒரு மணி நேரம், நம்ம சொல்றத காது கொடுத்துக் கேக்கிற ஒரு ஆளு, வலிக்காத தொடுதல், இதுல சில பேருக்கு ரெண்டு மூணு நாள் நல்லா தூக்கம் வருது. ஃபைப்ரோமயால்ஜியாவுல தூக்கம் வந்தாலே மறுநாள் வலி குறையும். ஏன்னா இந்த நோய்ல எலும்புலயோ சதையிலயோ உடைஞ்சு போனது ஒன்னும் இல்ல, வலியைச் சொல்ற நரம்பு மண்டலம்தான், பக்கத்து வீட்டுல மிளகா வறுத்தா கூட அலறுற ஃபயர் அலாரம் மாதிரி ஆயிடுது. வலி நிஜம், கற்பனை இல்ல. ரத்த ரிப்போர்ட் நார்மலா வந்திருக்கு, அதனால உங்களுக்கு ஒன்னும் இல்லன்னு சொல்லி அனுப்புறாங்களே, அதக் கேட்டாதான் எனக்கு கோபம் வரும். ரத்தம் எடுக்கிறது தைராய்டு, முடக்குவாதம், ரத்தசோகை இதெல்லாம் இல்லன்னு உறுதி பண்ணத்தான், ஃபைப்ரோமயால்ஜியாவைக் காட்டுற ரத்தப் பரிசோதனையே கிடையாது. இதை ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்து விளக்க டாக்டருக்கு நேரம் இல்ல, அடுத்த அப்பாயின்ட்மென்ட் மாசக்கணக்குல தள்ளிப் போகுது, பிசியோவுக்கு அனுப்பினா சூடு ஒத்தடம் வச்சு அனுப்புறாங்க. ஜனங்க ஏன் இந்த மாதிரி சென்டருக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்ட் பின்னாடி போறாங்கன்னா இதுக்குத்தான், காது கொடுத்துக் கேக்க அங்க ஆள் இருக்கு.

இப்ப அந்த ஏஜெண்ட் விஷயத்துக்கு வர்றேன். உங்க நாத்தனாரோட ஃபிரெண்டுக்கு ஆள் கொண்டு வந்தா கமிஷன் உண்டான்னு நேரடியா கேளுங்க. சொந்தக்காரங்கள்ட்ட எப்படிக் கேக்கிறதுன்னு கூச்சப்படாதீங்க. நல்ல தெரபிஸ்ட் யாரும் பார்க்கிறதுக்கு முன்னாடியே 15 செஷன்னு சொல்ல முடியாது, உங்க உடம்பு எப்படி எடுத்துக்கும்னு அவங்களுக்கே தெரியாது. முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கறது ஏன்னா மூணாவது செஷன்லயே நீங்க நின்னுடுவீங்கன்னு அவங்களுக்குத் தெரியும். கையில காசு இல்லன்னா கிரெடிட் கார்டுல தவணை போடலாம்னு சொல்லுவாங்க, இப்ப புதுசா இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) மூணாவது அக்கவுண்ட்ல இருந்து எடுத்துக்கோங்கன்னும் சொல்றாங்க. 2024 மே மாசத்துல இருந்து அதுல 50 வெள்ளியில இருந்து எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்ங்கிறதால வந்த வினை. 12 மணி நேரம் நின்னு சேத்த காசும்மா அது. மெடிக்கல் கார்டு பார்த்துக்கும்னு வாயால சொன்னாலும் நம்பாதீங்க, பெரும்பாலும் மாற்று சிகிச்சைக்கு பணம் வராது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்க.

இன்னும் சில தந்திரம் இருக்கு. கையில ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி ஒரு நிமிஷத்துல பக்கம் பக்கமா ரிப்போர்ட் அடிச்சு நரம்பு அடைப்புன்னு காட்டுவாங்க, அது மருத்துவப் பரிசோதனையே இல்ல. செஷன் முடிஞ்சு வலி கூடிச்சுன்னா நச்சு வெளியேறுது, இன்னும் அஞ்சு செஷன் எடுங்கன்னுவாங்க. வலி கூடுச்சுன்னா கூடுச்சுதான். எல்லாத்தையும் விட மோசம் கூடவே விக்கிற மூட்டு வலி கேப்சூல். ரெண்டு நாள்ல வலி மாயமா போகும், ஏன்னா உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்கும், இப்படிக் கலந்த சரக்கப் பத்தி சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்டுக்கிட்டே இருக்கு. முகம் ஊதும், சுகர் ஏறும், திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. டப்பாவுல எம்ஏஎல்னு (MAL) ஆரம்பிக்கிற மருந்துப் பதிவு நம்பரும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லன்னா தொடாதீங்க.

யார் கைல படுக்கிறீங்கன்னும் பாருங்க. மலேசியாவுல 2016ல வந்த பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்துல ஆஸ்டியோபதி, கைரோபிராக்டிக் (முதுகெலும்பை கையால சரி பண்றது) எல்லாம் அங்கீகாரம் பெற்ற பிரிவு, கிரேனியோசாக்ரல் தனிப் பிரிவா இல்ல. அதனால பதிவு பண்ண ஆஸ்டியோபாத்தோ பிசியோதெரபிஸ்டோ இதைச் செஞ்சா பரவாயில்ல, ரெண்டு வார இறுதி கோர்ஸ் படிச்சு சுவத்துல சர்டிஃபிகேட் மாட்டினவங்கன்னா வேணாம். பதிவு நம்பர் கேளுங்க, கொடுக்கத் தயங்கினா எந்திரிச்சு வந்துடுங்க.

ஆபத்தான்னு கேட்டீங்க. பொதுவா லேசான தொடுதல், பெரிசா ஒன்னும் ஆகாது. ஆனா ஒரு கூட்டத்துக்கு தலையில கையே வைக்கக் கூடாது, இதை மட்டும் நல்லா கேட்டுக்கோங்க. சமீபத்துல தலையில அடிபட்டவங்க, மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுந்தவங்க, குளியல் அறையில வழுக்கி தலை இடிச்சவங்க. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுற வயசானவங்களுக்கு அன்னைக்கு ஒன்னும் தெரியாது, ரெண்டு மூணு வாரம் கழிச்சு மெதுவா உள்ள ரத்தம் சேர்ந்து தலைவலி, தள்ளாட்டம், புரியாத பேச்சுன்னு ஆரம்பிக்கும், வீட்டுல வயசாச்சுன்னு விட்டுடுவாங்க. இந்த நேரத்துல போய் படுத்தா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வீணாகும். மூளை ரத்தக்குழாய்ல வீக்கம், தலைக்குள்ள அழுத்தம் கூடுதல், மூளையில நீர் வடிய ட்யூப் வச்சவங்க, கியாரி கோளாறு (மூளையோட அடிப்பகுதி கழுத்துப் பக்கம் இறங்கியிருக்கிறது), முதுகுத் தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்து கொஞ்ச நாள்தான் ஆகுதுன்னா அவங்களும் வேணாம். உங்களுக்கு விழுந்தது ஏதும் இருந்தா, நாலு மாசம் முன்னாடியா இருந்தாலும், டாக்டர்ட்ட சொல்லிட்டுப் போங்க. உங்க இடுப்பு வலியில காலு ரெண்டும் பலமில்லாம போறது, உக்கார்ற எடம் மரத்துப் போறது, மூத்திரம் அடங்காம போறது இருந்தா தெரபி பத்தி யோசிக்கவே வேணாம், நேரா எமர்ஜென்சி.

போய்ப் பார்க்கணும்னு ஆசையா இருந்தா ஒரு செஷனா காசு கட்டிப் போங்க, மூணு தடவை போதும். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்க, காலையில எந்திரிச்சு இடுப்பு விறைப்பு எவ்வளவு நேரம், பசியாறிட்டு எவ்வளவு தூரம் நடக்க முடிஞ்சுதுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க, மூணுக்கு அப்புறம் மாத்தம் இல்லன்னா விட்டுடுங்க. அதோட தினமும் ரெண்டு வேளை அஞ்சு நிமிஷ நடை, வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டுங்க. நல்லா இருக்கிற நாள்ல வீட்டையே துடைச்சு மூணு நாள் படுத்துடாதீங்க, நம்ம பெண்கள் பண்ற தப்பே அதுதான். ஐரோப்பிய ரியூமட்டாலஜி அமைப்பு 2016ல தயாரிச்ச பரிந்துரையில ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அழுத்திச் சொன்னது உடற்பயிற்சி ஒன்னை மட்டும்தான். உங்களுக்கு கெப்பாலா பத்தாஸ் பக்கம்தான், அங்க அரசாங்க ஆஸ்பத்திரிலயே 2007ல இருந்து பாரம்பரிய மருத்துவப் பிரிவு இருக்கு, நாள்பட்ட வலிக்கு அக்குபஞ்சர், உருட் (மலாய் மசாஜ்) எல்லாம் டாக்டர் கடிதத்தோட பண்ணிக்கலாம். கிரேனியோசாக்ரல் அங்க இல்ல, ஆனா பாக்கேஜும் இல்ல. அடுத்த தடவை டாக்டரப் பார்க்கும்போது அந்தக் கடிதம் வேணும்னு வாய்விட்டுக் கேளுங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க.

மாத்திரை விஷயம்: நிறுத்தவே கூடாது. பிரிகாபலின திடீர்னு விட்டா தூக்கம் போகும், வேர்க்கும், குமட்டும், வலி இன்னும் ஏறும். குறைக்கணும்னா டாக்டர் சொல்ற அளவுல ஒரு வாரமாவது எடுத்து மெதுவாத்தான் குறைக்கணும். அந்த சென்டர்ல நிறுத்திட்டு வாங்கன்னு சொன்னாங்கன்னா முதல் செஷனுக்கும் போகாதீங்கம்மா.