கிலோ லிட்டர் என்ன விலை?

வாசகர் கேள்வி – பதில்: நகராட்சிக் குடிநீர் ஒப்பந்தங்கள்

கேள்வி: எங்கள் நகராட்சி ஆற்றில் நீரெடுத்து, சுத்திகரித்து, மேல்நிலைத் தொட்டி வரை கொண்டுவரும் வேலையை 20 ஆண்டுக்குத் தனியாரிடம் கொடுக்கப்போகிறதாம். கிலோ லிட்டருக்கு 12 ரூபாய் என்கிறார்கள். லாரித் தண்ணீர் விற்கிற விலைக்கு இது மலிவுதான். ஆனாலும் நியாயமான விலையா என்று எப்படிப் பார்ப்பது? (வாசகர், நாமக்கல் மாவட்டம்)

பதில்: லாரித் தண்ணீரோடு வைத்துப் பார்த்தால் எந்த விலையும் மலிவாகத்தான் தெரியும். அதை ஓரமாக வையுங்கள். மின்சாரத்திலிருந்து தொடங்குவோம்.

ஒரு கிலோ லிட்டர், அதாவது 1,000 லிட்டர் தண்ணீரை 1 மீட்டர் உயர்த்த 0.0027 யூனிட் மின்சாரம் வேண்டும். இதில் யாரும் பேரம் பேச முடியாது. ஆற்றங்கரைக்கும் தொட்டிக்கும் உள்ள உயர வித்தியாசம் 60 மீட்டர், குழாய் உராய்வைத் தாண்டுவது இன்னொரு 40 மீட்டர் உயர்த்துவதற்குச் சமம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 100 மீட்டர்: 0.27 யூனிட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 65 சதவீதத் திறனில் ஓடினால் 0.42 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் ஏறக்குறைய 3 ரூபாய் 40 காசு. இதே இடத்தில் 0.7 யூனிட் என்று விலைப்புள்ளியில் எழுதியிருந்தால் பம்ப் 39 சதவீதத் திறனில்தான் ஓடப்போகிறது, அல்லது உயரத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். இரண்டில் எது என்று கேளுங்கள். மீதி 8 ரூபாய் 60 காசில் படிகாரம், குளோரின், ஆள் சம்பளம், பழுது, கடன் தவணை, லாபம் எல்லாம் அடங்க வேண்டும்.

ஆனால் அந்த 12 ரூபாய் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்து விலை. நகராட்சி உண்மையில் கொடுக்கப்போகும் விலை பின்னால் உள்ள இணைப்புகளில் இருக்கும். அங்கே மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, குறைந்தபட்சக் கொள்முதல். ஒப்பந்த அளவு 20 எம்.எல்.டி. (நாளுக்கு 20 மில்லியன் லிட்டர்), அதாவது 20,000 கிலோ லிட்டர் என்று வைப்போம். அதில் 80 சதவீதத்துக்கு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் என்று ஒரு வரி இருக்கும். ஊருக்குள் பகிர்மானக் குழாய் பதித்து முடியவில்லை, 12 எம்.எல்.டி.தான் வாங்க முடிகிறது என்றால்? 16,000 கிலோ லிட்டருக்கு 1,92,000 ரூபாய் தினமும் கொடுத்தாக வேண்டும். கிடைத்தது 12,000 கிலோ லிட்டர். அப்போது விலை 12 அல்ல, 16 ரூபாய். ஆறு வறண்டாலும் இந்தத் தொகை ஓடுமா என்பதை இயற்கைச் சீற்றம் பற்றிய பிரிவில் பாருங்கள். வறட்சி என்ற சொல் அங்கே இல்லாவிட்டால் பிரச்சினைதான்.

விற்பனை அளவை நம்பி விலை வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்குத் திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது. 2005 வாக்கில் ஓடத் தொடங்கிய 185 எம்.எல்.டி. தண்ணீர்த் திட்டம் அது. சாயப்பட்டறைகள் கொடுத்த உயர்ந்த விலைதான் வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் போன தண்ணீரின் குறைந்த விலையைத் தாங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டதும் அந்தக் கணக்கு சாய்ந்துவிட்டது.

இரண்டு, ஆண்டு விலை உயர்வு. கணக்கு எளிதாக இருக்க விலை 10 ரூபாய் என்று வைப்போம். அது முழுவதற்கும் ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு கொடுத்தால் 20 ஆண்டு கழித்து 26 ரூபாய் 53 காசு. ஆனால் அந்த 10 ரூபாயில் 6 ரூபாய் கட்டுமானக் கடனைத் திருப்புவதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்த கட்டடத்துக்கு எதற்கு விலைவாசி உயர்வு? மீதி 4 ரூபாய்க்கு மட்டும் உயர்வு கொடுத்தால் 16 ரூபாய் 61 காசில் நிற்கும். கிலோ லிட்டருக்குக் கிட்டத்தட்ட 10 ரூபாய் வித்தியாசம், ஒரே ஒரு வாக்கியத்தில். மின்கட்டண உயர்வைத் தனியாக, கிலோ லிட்டருக்கு இத்தனை யூனிட்தான் என்ற உச்சவரம்போடு கணக்கிட வேண்டும். உச்சவரம்பு இல்லாவிட்டால் தேய்ந்த பம்பை மாற்ற எந்த நிறுவனமும் அவசரப்படாது. கூடுதல் மின்சாரத்துக்குப் பணம் நகராட்சியுடையதுதானே.

மூன்று, மீட்டர் எங்கே இருக்கிறது. சுத்திகரிப்பு நிலைய வாசலில் அளந்தால் வழியில் கசிவது நகராட்சி கணக்கு. தொட்டி வாயில் அளந்தால் நிறுவனத்தின் கணக்கு. குழாயைப் பராமரிப்பது யாரோ அவர்தான் கசிவையும் ஏற்க வேண்டும். மின்காந்த மீட்டர் என்றால் அதற்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் 5 மடங்கும் பின்னால் 3 மடங்கும் வளைவோ வால்வோ இல்லாத நேர்குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். 400 மி.மீ. குழாய்க்கு 2 மீட்டரும் 1.2 மீட்டரும். குழாய் நிரம்பாமல் பாதியாக ஓடும் இடத்தில் இந்த மீட்டரை வைத்தால் ஓடாத தண்ணீரையும் சேர்த்துக் காட்டும்.

சரிபார்க்கப் பெரிய கருவி வேண்டாம். தொட்டியின் உட்புற விட்டம் 12 மீட்டர் என்றால் நீர்மட்டம் 1 மீட்டர் ஏறுவது 113 கிலோ லிட்டர். விநியோக வால்வை மூடிவிட்டு ஒரு மணி நேரம் ஏற்றி, அளவுகோலையும் மீட்டரையும் ஒப்பிட்டால் போதும். இரண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலில் வால்வு நிஜமாகவே மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வால்வுகள் மூடியதுபோல் நடிக்கும்.

கடல்நீர்த் திட்டங்களின் விலையை ஆற்றுநீர் ஒப்பந்தத்துக்கு உதாரணமாகக் காட்டினால் ஏற்காதீர்கள். சென்னை மீஞ்சூர் ஆலையில் 2010-ல் உற்பத்தி தொடங்கியபோது கிலோ லிட்டர் 48 ரூபாய் 66 காசு என்று சொல்லப்பட்டது. கடல்நீரைச் சவ்வில் அழுத்திப் பிரிக்கவே கிலோ லிட்டருக்கு 3.5 முதல் 4 யூனிட் ஆகும். அது வேறு கணக்கு.

கேள்வி: தகவல் உரிமைச் சட்டத்தில் குடிநீர் ஒப்பந்த நகல் கேட்டேன். "வணிக ரகசியம்" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அந்த ஒரு வரி போதாது. 8(1)(டி) பிரிவு வணிக ரகசியத்தைக் காப்பது உண்மை. ஆனால் பரந்த பொதுநலன் கோரினால் தரலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ரகசியமான பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்கிறது 10-வது பிரிவு. நிறுவனத்தின் கருத்தைக் கேட்க 11-வது பிரிவில் வழி உண்டு: 5 நாளுக்குள் அவர்களுக்கு அறிவிப்பு, அவர்கள் பதில் சொல்ல 10 நாள், மொத்தம் 40 நாளுக்குள் முடிவு. நிறுவனம் ஆட்சேபித்தாலே மறுத்துவிட வேண்டும் என்பதில்லை. முடிவெடுப்பது பொதுத் தகவல் அலுவலர். டெண்டர் திறப்பதற்கு முன் விலை ரகசியம்தான். பணி ஆணை கொடுத்து, மக்கள் பணத்தில் பில் போய்க்கொண்டிருக்கும்போது அது என்ன ரகசியம்?

மறுப்பு கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

உங்கள் மனுவில் "ஏன் இந்த நிறுவனத்துக்குக் கொடுத்தீர்கள்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏன், எதற்கு என்ற கேள்விகளுக்கு இந்தச் சட்டத்தில் பதில் வராது. ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒப்பந்தமும் அதன் எல்லா இணைப்புகளும், திருத்த ஒப்பந்தங்கள், விலைப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், மன்றத் தீர்மான நகல், கடந்த 12 மாத பில்கள், மொத்த மீட்டர் பதிவேடு, பிடித்தம் செய்த அபராத விவரம். "இணைப்புகள்" என்ற சொல் விட்டுப்போனால் 30 பக்க முகப்பு மட்டும் வரும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 600 பக்கம் என்று பயமுறுத்தினால் நேரில் பார்வையிடுகிறேன் என்று எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம். மீட்டர் பதிவேட்டையும் பில்லையும் அருகருகே வைத்துப் பார்க்க அது போதும்.

கேள்வி: எங்கள் வார்டுக் குடிநீர்ப் பணிக்கு ஒரே ஒரு டெண்டர்தான் வந்தது. அதையும் பேரம் பேசி ஏற்றுவிட்டார்கள். இது செல்லுமா? (கவுன்சிலர் ஒருவர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: ஒற்றை டெண்டர் என்பதாலேயே செல்லாமல் போகாது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 குறைந்த விலைக்காரரோடு மட்டும், அதுவும் விலையைக் குறைப்பதற்கு மட்டும் பேச அனுமதிக்கிறது. நீங்கள் தேட வேண்டியது ஏன் ஒன்றே வந்தது என்பதை. 2 கோடி ரூபாய் வரையான பணிக்கு விளம்பரத்திலிருந்து 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்திருந்தால் மேலதிகாரி காரணம் எழுதி அனுமதித்த கோப்பு இருக்க வேண்டும். அந்தக் கோப்பைக் கேளுங்கள். அடுத்து தகுதி நிபந்தனைகள். 3 கோடி ரூபாய் வேலைக்கு 100 எம்.எல்.டி. நிலையம் கட்டிய அனுபவம் கேட்டிருந்தால், யாரை மனதில் வைத்து எழுதியது என்று ஊருக்கே தெரியும்.

தமிழக அரசிடம் மேல்முறையீடு செய்ய 10 நாள் உண்டு. ஆனால் அது டெண்டரில் கலந்துகொண்டவருக்குத்தான். உங்களுக்கு மன்றக் கூட்டம் இருக்கிறது. பொருள் வரும்போது ஒப்பீட்டுப் பட்டியலைக் கேட்டு, தராவிட்டால் உங்கள் ஆட்சேபத்தைத் தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மொத்தத் தொகை குறைவாக இருந்தும் இனவாரி விலையில் தந்திரம் இருக்கலாம். எஸ்டிமேட்டில் கடினப்பாறை வெட்ட 50 கன மீட்டர்தான் என்று இருக்கும். அதற்கு மட்டும் மூன்று மடங்கு ரேட் போட்டு, மற்றதையெல்லாம் குறைத்து முதலிடம் பிடிப்பார்கள். வேலை தொடங்கியதும் எம்-புக்கில் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) பாறை 800 கன மீட்டராக வளரும். அதே தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியபோது பாறை வந்ததா என்று பழைய எம்-புக்கைப் புரட்டிப் பாருங்கள். பத்து ஆண்டில் பூமிக்குள் பாறை முளைப்பதில்லை.

கேள்வி: தெருவில் குழாய் பதிக்கிறார்கள். எஸ்டிமேட்டில் சொன்ன குழாய்தானா என்று சாதாரண ஆள் கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முடியும், மண் மூடுவதற்கு முன். கறுப்பு எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாயின் மேல் ஐ.எஸ். 4984 (இந்தியத் தர எண்), பி.இ. 100 (பிளாஸ்டிக் ரகம்), பி.என். எண் (தாங்கும் அழுத்தம்), வெளிவிட்டம், பேட்ச் எண் எல்லாம் அச்சாகியிருக்கும். வெட்டிய முனையில் ஸ்கேல் வையுங்கள். 110 மி.மீ. குழாய் பி.என். 10 என்றால் சுவர்த் தடிமன் 6.5 மி.மீ.க்குக் குறையக்கூடாது. 4.2 என்றால் அது பி.என். 6, மூன்றில் ஒரு பங்கு பிளாஸ்டிக் இல்லை. வார்ப்பிரும்பு டி.ஐ. குழாயில் கே-9, கே-7 என்று சுவர்த் தடிமனை வைத்து ரகங்கள் உண்டு. 300 மி.மீ. குழாயில் கே-9 தடிமன் 7.2, கே-7 தடிமன் 5.6. கே-7 மோசமான குழாய் என்பதில்லை, குறைந்த அழுத்தத்துக்கு அது போதும். கே-9-க்குப் பில் போட்டுவிட்டு கே-7 பதிப்பதுதான் தவறு.

கேள்வி: கோவையில் தண்ணீர்க் கட்டணத்தை வெளிநாட்டு நிறுவனமா நிர்ணயிக்கிறது? (வாசகி, மேட்டுப்பாளையம்)

பதில்: இல்லை. 2018-ல் பிரான்சின் சூயஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தது 26 ஆண்டுக்கான கட்டுமான, பராமரிப்பு ஒப்பந்தம்; மதிப்பு ஏறக்குறைய 400 மில்லியன் யூரோ. வீட்டுக் கட்டணம் மாநகராட்சியின் கையில். ஆனால் நிறுவனத்துக்குத் தரும் பணமும் மாநகராட்சிக் கஜானாவிலிருந்துதான் போகிறது என்பதால், ஒப்பந்தத்தின் விலை உயர்வுப் பிரிவு உங்களுக்குச் சம்பந்தமில்லாதது அல்ல.

கேள்வி: ஜெர்மனியில் மக்களே ஓட்டுப்போட்டுத் தண்ணீர் ஒப்பந்தத்தை வெளியிட வைத்தார்களாமே? (வாசகர், புதுச்சேரி)

பதில்: பெர்லினில். 1999-ல் நகரக் குடிநீர் நிறுவனத்தின் 49.9 சதவீதப் பங்கை ஆர்.டபிள்யூ.இ. என்ற ஜெர்மன் மின் நிறுவனத்துக்கும் இன்று வியோலியா எனப்படும் பிரெஞ்சு நிறுவனத்துக்கும் விற்றார்கள். ஒப்பந்தம் ரகசியம். முதலீட்டுக்கு இவ்வளவு வட்டி என்று உறுதி கொடுத்திருந்தார்கள்; அதற்கு வழிசெய்த சட்டத்தின் ஒரு பகுதியை அரசியல் சட்ட நீதிமன்றம் அதே ஆண்டு ரத்து செய்தது. ஆனால் அப்படி நேர்ந்தால் இழப்பை நகரமே ஈடுகட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. மீண்டும் பாருங்கள், பின்பக்கத்து வரிதான். 2011 பிப்ரவரி 13 வாக்கெடுப்பில் 98 சதவீதம் பேர் வெளியிடச் சொன்னார்கள். தோற்றுவிடுவோம் என்று தெரிந்தோ என்னவோ, அரசு அதற்குச் சில மாதம் முன்பே ஒப்பந்தத்தை வெளியிட்டுவிட்டது. 2012-ல் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் குடிநீர் விலையைச் சுமார் 18 சதவீதம் குறைக்க உத்தரவிட்டது. 2013-க்குள் நகரம் இரண்டு நிறுவனங்களின் பங்கையும் திரும்ப வாங்கிக்கொண்டது.

கேள்வி: கோடையில் நகராட்சி வாடகைக்கு எடுக்கும் லாரி 12,000 லிட்டர் என்கிறார்கள். நம்பலாமா? (வாசகர், சிவகங்கை)

பதில்: அளந்துவிடுங்கள். முட்டை வடிவ டேங்குக்கு உள் அகலம் × உள் உயரம் × நீளம் × 0.785. அகலம் 2.2, உயரம் 1.4, நீளம் 5 மீட்டர் என்றால் 12,089 லிட்டர். நீளம் 4 மீட்டராக இருந்தால் 9,700-க்கும் குறைவு. நடைக்கு 2,300 லிட்டர் காற்றுக்குப் பில். வெளிப்புறத்தை அளந்தால் தகட்டின் தடிமன் சேர்ந்துவிடும், மேல்மூடி வழியாக உள்ளே அளக்க வேண்டும். நடை எண்ணிக்கைக்கு நிரப்பும் இடத்துப் பதிவேட்டையும் இறக்கும் தெருவில் கையெழுத்துப் போட்ட சீட்டையும் ஒப்பிடுங்கள். ஒரே லாரி, 25 கிலோ மீட்டர் தூரம், நிரப்ப 20 நிமிடம், இறக்க அரை மணி. ஒரு நாளில் 14 நடை என்று எழுதியிருந்தால் அந்த லாரி பறந்திருக்க வேண்டும்.