சிறுநீரகக் கல் மறுபடி வராமலிருக்க, சீட்டு இல்லாமல் வாங்கும் சிட்ரேட் மாத்திரை போதுமா?

கல் ஒருமுறை வந்து போய்விட்டது, இனி வராமலிருக்க டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கும் சிட்ரேட் மாத்திரையே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலருக்குப் போதும். ஆனால் பெரும்பாலோர் போடுகிற அளவு போதாது. நான் டாக்டர் இல்லை. இந்தக் கல்லோடு பல வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவன், அவ்வளவுதான்.

சிறுநீரில் இருக்கும் கால்சியத்தை சிட்ரேட் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் ஆக்சலேட் என்ற உப்போடு சேர்ந்து கல்லாகக் கிடைக்கும் கால்சியம் குறைகிறது. ஏற்கெனவே உருவான நுண்ணிய படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும் அது தடுக்கிறது. இவ்வளவும் விளம்பரத்திலேயே இருக்கும். விளம்பரத்தில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. நாம் விழுங்கும் சிட்ரேட் அப்படியே சிறுநீருக்குப் போய்ச் சேர்வதில்லை. பெரும்பகுதி ஈரலில் எரிந்து பைகார்பனேட் ஆகிவிடுகிறது. பைகார்பனேட் ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது. உடம்பில் அந்தக் காரம் கொஞ்சம் கூடியதும், வழக்கமாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் சிட்ரேட்டைச் சிறுநீரகம் வெளியே விட ஆரம்பிக்கிறது. ஆகவே சிட்ரேட் எதோடு சேர்ந்து வருகிறது என்பதுதான் முக்கியம். பொட்டாசியத்தோடு வந்தால் இந்தக் காரம் கிடைக்கும். வெறும் சிட்ரிக் ஆசிட் பொடியில் கிடைக்காது.

அடுத்தது அளவு. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். என்னிடம் இருந்த ஒரு பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘பொட்டாசியம் சிட்ரேட்’ என்று இருந்தது. திருப்பினால் பொடி எழுத்தில், ஒரு மாத்திரையில் பொட்டாசியம் 99 மில்லிகிராம். டாக்டர்கள் இதை மில்லிகிராமில் பேசுவதில்லை, மில்லிஈக்விவலன்ட் என்று கணக்கிடுவார்கள். 39 மில்லிகிராம் பொட்டாசியம் ஒரு மில்லிஈக்விவலன்ட். அப்படியானால் அந்த மாத்திரை ஒன்றில் இருப்பது சுமார் 2.5. சிட்ரேட் குறைவாக இருப்பவர்களுக்கு வழக்கமாக எழுதித் தருவது ஒரு நாளைக்கு 30 முதல் 60 வரை, அதையும் பிரித்துப் பிரித்து. அந்த அளவை எட்ட 12 முதல் 24 மாத்திரை வரை விழுங்க வேண்டும்! காலையில் ஒன்று போட்டுவிட்டு ‘நானும் சிட்ரேட் எடுக்கிறேன்’ என்பவருக்கு மன நிம்மதி மட்டும்தான் கிடைக்கும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடிகளில் சில இதைவிடப் பரவாயில்லை. ஒரு பாக்கெட்டில் எத்தனை மில்லிஈக்விவலன்ட் என்று வெளிப்படையாகப் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எதுவும் போடாமல் ‘கிட்னி சப்போர்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நான் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

மற்ற வகைகளையும் பார்த்துவிடலாம். மெக்னீசியம் சிட்ரேட் நல்லதுதான், ஆனால் அளவு கூடினால் வயிற்றைக் கலக்கிவிடும். கால்சியம் சிட்ரேட்டைச் சாப்பாட்டோடு எடுத்தால் உணவில் உள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். வெறும் வயிற்றில் எடுத்தால் சிறுநீரில் கால்சியம் கூடத்தான் வழி. சோடியம் சிட்ரேட்டிலும் சோடா உப்பிலும் காரம் உண்டு, ஆனால் சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். அப்புறம், சேர்மானப் பட்டியலில் வைட்டமின் சி அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது உடம்பில் ஆக்சலேட்டாகவும் மாறும். கல் வருகிறவர்களுக்கு வேண்டாத விருந்தாளி.

இதெல்லாம் உங்கள் கல் எந்த வகை என்று தெரிந்த பிறகு பேச வேண்டிய பேச்சு. யூரிக் ஆசிட் கல் என்றால் சிட்ரேட்டுக்கு நல்ல வேலை இருக்கிறது: சிறுநீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண், கூடினால் காரம்) 6-க்கு மேல் 6.5 வரை நின்றால் அந்தக் கல் கரையவே செய்யும். கால்சியம் பாஸ்பேட் கல் என்றால் கவனம் வேண்டும், பிஎச் 7-ஐ நெருங்க நெருங்க அது படியத் தொடங்கும். கிருமித் தொற்றால் வரும் கல் காரச் சிறுநீரில்தான் வளர்கிறது. அங்கே இந்த மாத்திரை கெடுதல்தான் செய்யும். வெளியே வந்த கல்லை வீசிவிடாமல் ஆய்வகத்துக்குக் கொடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

பொட்டாசியம் விஷயத்தில் விளையாடக் கூடாது. சிறுநீரகம் பலவீனமாக உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், லோசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். கடையில் சீட்டு கேட்கவில்லை என்பதால் இந்த ஆபத்து குறைந்துவிடாது. இவர்கள் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூடப் போடக் கூடாது.

எலுமிச்சைச் சாறு? குடியுங்கள், அதோடு தண்ணீரும் உள்ளே போகிறதே. ஒரு நாளைக்கு 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிப்பதை எந்த மாத்திரையும் ஈடுகட்டாது. ஆனால் எலுமிச்சையில் இருப்பது பெரும்பாலும் சிட்ரிக் ஆசிட் என்பதால், பொட்டாசியம் சிட்ரேட் அளவுக்கு பிஎச்சை அது உயர்த்துவதில்லை.

எனக்கு வழி காட்டியது 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை. ஒரு முழு நாள் போவதை எல்லாம் பெரிய கேனில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சங்கடமான வேலைதான், விடுமுறை நாளில் செய்தால் நல்லது. சிட்ரேட் 320 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பார்கள். ஏற்கெனவே அது போதுமான அளவு இருந்து, கால்சியமோ ஆக்சலேட்டோ கூடுதலாக இருந்தால், சிகிச்சையின் திசையே வேறு. குறைவு என்று வந்தால், மாத்திரையோ பொடியோ தொடங்கிச் சில வாரம் கழித்து அதே பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். எண் அசையவில்லை என்றால் அந்தப் பாட்டில் உங்களுக்கு உதவவில்லை. சீட்டு எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.