அனுமதி மறுத்த அரசின் மீது நடுவர் வழக்கு: சுரங்க முதலீட்டாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் தங்கச் சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியை அந்நாட்டு அரசு மறுத்துவிட்டது. வழக்குத் தொடுக்க இது ஒன்றே போதுமா?

பதில்: போதாது. அனுமதியை மறுக்கும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. மறுப்பதற்கு முன் அந்த அரசு உங்களுக்கு எழுத்தில் என்ன கொடுத்திருந்தது என்பதையே, முதலீட்டாளருக்கும் அரசுக்கும் இடையிலான இத்தகைய வழக்கை விசாரிக்கும் பன்னாட்டு நடுவர்கள் துருவிப் பார்ப்பார்கள். வெனிசுவேலாவின் லாஸ் கிரிஸ்டினாஸ் தங்க வயலுக்கு 2002இல் ஒப்பந்தம் பெற்ற கனடிய நிறுவனம் கிரிஸ்டலெக்ஸ். பிணைத்தொகையைக் கட்டினால் அனுமதி கையளிக்கப்படும் என்று 2007 மே மாதம் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதற்குக் கடிதம் அனுப்பியது. நிறுவனமும் கட்டியது. 2008 ஏப்ரலில் அதே அமைச்சகம் அனுமதியை மறுத்தது; 2011இல் ஒப்பந்தமும் ரத்தானது. 2016இல் நடுவர் மன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்று, வட்டி நீங்கலாகச் சுமார் 120 கோடி டாலர் இழப்பீடு விதித்தபோது, நியாயமான எதிர்பார்ப்பை உண்டாக்கியதாக அந்தக் கடிதத்தைத்தான் சுட்டிக்காட்டியது. ஆகவே வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன் உங்கள் கோப்புகளில் அப்படியொரு தாளைத் தேடுங்கள்.

கேள்வி: எங்கள் நாட்டுக்கும் அந்நாட்டுக்கும் முதலீட்டு ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் உள்ள வேறொரு நாட்டுக்குத் தாய் நிறுவனத்தின் பதிவை மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: தகராறு தலைகாட்டுவதற்கு முன்பே செய்திருந்தால் ஓரளவு நிற்கும். ஆனால் பதிவு மட்டும் போதாது: எல் சால்வடாரில் தங்கம் தேடிய பசிபிக் ரிம் நிறுவனம், கேமன் தீவுகளில் இருந்த தன் துணை நிறுவனத்தை 2007இல் அமெரிக்காவின் நெவாடாவுக்கு மாற்றியது. அங்கு அதற்கு உண்மையான வணிகம் எதுவும் இல்லை என்பதால், அமெரிக்கா மத்திய அமெரிக்க நாடுகளுடன் செய்த வர்த்தக உடன்படிக்கையின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்று 2012இல் முடிவாயிற்று. எஞ்சிய கோரிக்கைகளும் 2016இல் தள்ளுபடியாகி, அரசின் செலவுக்காக 80 லட்சம் டாலர் கட்டுமாறு உத்தரவும் வந்தது.

கேள்வி: மண்ணுக்குள் இருக்கும் தங்கம் முழுவதற்கும் விலை கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைப்பது வேறு. பெருவில் சாந்தா ஆனா வெள்ளித் திட்டத்தை இழந்த பேர் கிரீக் நிறுவனம், எதிர்கால வருமானத்தைக் கணக்கிட்டு 52 கோடி டாலருக்கு மேல் கேட்டது. அப்பகுதிப் பழங்குடியினரான ஐமாரா மக்களின் எதிர்ப்பும் இன்னும் வாங்க வேண்டியிருந்த அனுமதிகளும் அந்தக் கணக்கை ஆட்டம் காணச் செய்தன. நிறுவனம் அதுவரை செலவழித்த பணத்தையே அளவுகோலாகக் கொண்டு நடுவர்கள் 2017இல் சுமார் 1.8 கோடி டாலர் கொடுத்தார்கள். ஆனால் பாகிஸ்தானின் ரெக்கோ டிக் செப்புத் திட்டத்தில், சுரங்கமே தோண்டப்படாத நிலையிலும், எதிர்கால வருமானக் கணக்கு ஏற்கப்பட்டு, 2019இல் வட்டியோடு 580 கோடி டாலருக்கு மேல் விதிக்கப்பட்டது. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் எவருக்கும் இத்துறையில் கணக்கு எவ்வளவு நிலையற்றது என்பது விளங்கும். என் கருத்தில், செலவுக் கணக்கை அடிப்படையாக வைத்து முடிவெடுப்பதே விவேகம்.

கேள்வி: வழக்கை நடத்த எங்களிடம் பணம் இல்லை. வழக்கு நிதியாளரை நம்பலாமா?

பதில்: வெற்றியில் பங்கு பெறுவதற்காக வழக்குச் செலவை ஏற்பவர் அவர். தோற்றால் உங்களிடம் கேட்க மாட்டார், வென்றால் முதல் வரிசையில் நிற்பார். கிரிஸ்டலெக்ஸ் 2011 டிசம்பரில் கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டுக் கனடிய நீதிமன்றத்தை நாடியது. பின்னர் வெளியிலிருந்து வாங்கிய நிதியால்தான் வழக்கை நடத்தியது. நிதியாளரின் பங்கு கூடிக்கொண்டே போகும் அத்தகைய ஏற்பாட்டில் சாதாரணப் பங்குதாரர் கடைசி ஆள்.

கேள்வி: வென்றுவிட்டால் பணம் வந்துவிடுமா?

பதில்: தீர்ப்பு என்பது வசூலின் தொடக்கம் மட்டுமே. வெனிசுவேலா கட்டாததால், கிரிஸ்டலெக்ஸ் அந்நாட்டு அரசு எண்ணெய் நிறுவனத்தின் அமெரிக்கச் சொத்தைத் துரத்த வேண்டியிருந்தது. அந்த எண்ணெய் நிறுவனத்துக்குச் சொந்தமான அமெரிக்கச் சுத்திகரிப்பு நிறுவனம் சிட்கோ; அதன் தாய் நிறுவனப் பங்குகளைப் பறிமுதல் செய்ய டெலவேர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் வழிவிட்ட பிறகும் விற்பனை ஏலம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ரெக்கோ டிக் வேறு விதமாக முடிந்தது: 2022இல் சமரசம் ஏற்பட்டு, வழக்கில் வென்ற கூட்டு நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒன்றான பேரிக் பாதிப் பங்கோடு திட்டத்துக்கே திரும்பியது, கூட்டாளியான ஆண்டோஃபகாஸ்டா 90 கோடி டாலரை ஏற்று விலகிக்கொண்டது. அரசு உங்கள் சுரங்கத்தை மீண்டும் விரும்பக்கூடுமா, அல்லது அதன் சொத்து வெளிநாட்டில் எங்கேனும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதை வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.