சின்ன கேபினெட், பெரிய சூடு

பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டில் (பாகங்களை அடக்கும் பெட்டி) புதிய பாகங்களைப் பொருத்திய வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: பதினைந்து வருடப் பழைய மைக்ரோ ஏ.டி.எக்ஸ். (சிறிய அளவு) கேபினெட்டில் ரைசன் 5 7600 பிராசஸரும் 200 வாட் கிராபிக்ஸ் கார்டும் போட்டு அசெம்பிள் செய்திருக்கிறேன். பின்பக்கம் 92 மி.மீ. ஃபேன் ஒன்று மட்டும். கேம் தொடங்கிய கால் மணி நேரத்தில் பிராசஸர் 95 டிகிரியைத் தொடுகிறது. பெரிய கூலர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. சைடு பேனலைக் கழற்றிவிட்டு அதே கேமை இருபது நிமிடம் ஓட்டி, வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி கேபினெட். 2, 3 டிகிரிதான் இறங்குகிறது என்றால் கூலரைப் பாருங்கள்: அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு ஃபிலிமை உரித்தீர்களா, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முறுக்கினீர்களா, தெர்மல் பேஸ்ட் (பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் களிம்பு) ஓரம் வரை பரவியிருக்கிறதா என்று. ஃபிலிமோடு மாட்டப்பட்ட கூலர்கள் ஒன்றிரண்டு அல்ல.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் சந்தேகம் கேபினெட் மேல்தான். கணக்கு எளிது. மொத்த வாட்டை 1.76 ஆல் பெருக்கி, வெளியேறும் காற்றின் அளவால் (ஃபேன் பெட்டியில் சி.எஃப்.எம். என்று போட்டிருக்கும், நிமிடத்துக்கு இத்தனை கன அடி) வகுத்தால், உள்ளே வரும் காற்று எத்தனை டிகிரி சூடேறும் என்பது கிடைக்கும். கேம் ஓடும்போது உங்கள் மெஷின் சுமார் 300 வாட் எடுக்கும். 40 சி.எஃப்.எம். என்று விற்கப்படும் 92 மி.மீ. ஃபேன், தகட்டிலேயே துளையிட்ட பழைய கிரில்லின் பின்னால் அதில் பாதியைத் தள்ளினால் பெரிது. 300 × 1.76 ÷ 20 என்றால் சுமார் 26 டிகிரி. அறை 30 டிகிரி என்றால் உள்ளே 56. எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) ஃபேன் கொஞ்சம் உறிஞ்சும் என்றாலும், எந்தக் கூலரை வைத்தாலும் அதற்குக் கிடைப்பது இந்தச் சுடுகாற்றுதான். ஏற்றத்தை 10 டிகிரிக்குள் வைக்க 53 சி.எஃப்.எம். உண்மையாகவே வெளியேற வேண்டும்.

அதற்கு முதல் தடை பின்பக்கத்தில் இல்லை, முகப்பில் இருக்கிறது. அந்தக் காலத்து முகப்பு பிளாஸ்டிக்கின் அடியில் விரல் நுழையாத ஒரு பிளவு, அதன் பின்னால் சல்லடைத் தகடு, அதன் பின்னால் ஹார்டு டிஸ்க் கூடு. காற்று எங்கிருந்து வரும்? முகப்பை மட்டும் கழற்றி மறுபடி சோதியுங்கள். சூடு கணிசமாக இறங்கினால் அடைப்பு அங்கேதான். பயன்படுத்தாத ஹார்டு டிஸ்க் கூட்டை எடுத்துவிடுங்கள். ரிவெட் அடித்திருந்தால் அதன் தலையை 4 மி.மீ. டிரில்லால் குடைந்தால் கழன்றுவிடும். ஃபேன் மாட்ட இடமே இல்லையென்றால் சிடி டிரைவ் அறைகளைப் பாருங்கள்: ஒரு அறையின் உயரம் சுமார் 41 மி.மீ. மூன்று அடுத்தடுத்து இருந்தால் 120 மி.மீ. ஃபேன் அப்படியே உட்காரும். இரண்டு என்றால் 80 மி.மீ.

பின்பக்க கிரில்லைத் தகடு வெட்டும் கத்திரியால் வட்டமாக வெட்டியெடுத்து, கம்பி கிரில் மாட்டுங்கள். ஓரங்களை அரம் போட்டு மழுக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் மதர்போர்டு உட்பட எல்லாவற்றையும் வெளியே எடுத்தே தீர வேண்டும். ஒரு துளி உலோகத் தூள் மதர்போர்டின் அடியில் சிக்கினால் ஷார்ட் ஆகும். ஆன் செய்யும்போதுதான் தெரியும்.

இத்தனைக்கும் மேல், பயாஸில் (ஆன் செய்ததும் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) ஈகோ மோடை, அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓட்டும் முறையை, 45 வாட்டுக்கு மாற்றுங்கள். 45 என்பது பெயரளவு எண்தான். பிராசஸர் எடுக்கும் உச்சபட்ச மின்சாரம் 88 வாட்டிலிருந்து 61 வாட்டுக்கு இறங்கும். கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 75 சதவீதமாக்கினால் இன்னும் 50 வாட் மிச்சம். வேகத்தில் குறைவது பொதுவாக ஒற்றை இலக்க சதவீதம். செலவில்லாத இந்த வேலையைத்தான் எல்லோரும் கடைசியில் செய்கிறார்கள்.

கேள்வி: ஒல்லியான கேபினெட்டில் எவ்வளவு உயரமான கூலர் நுழையும் என்று எப்படி அளப்பது?

பதில்: மதர்போர்டு உட்காரும் தகட்டிலிருந்து மூடிய சைடு பேனலின் உட்புறம் வரை அளந்து, அதில் 16 மி.மீ. கழியுங்கள். தாங்கும் திருகுக்கால் 6.5 மி.மீ., போர்டு 1.6 மி.மீ., சாக்கெட்டும் (பிராசஸர் உட்காரும் இடம்) பிராசஸரும் சேர்ந்து சுமார் 7 முதல் 8 மி.மீ. உள்ளே 100 மி.மீ. இருந்தால் 84 மி.மீ. கிடைக்கும். அதை முழுவதும் நிரப்பிவிடாதீர்கள். காற்றைக் கீழ்நோக்கி ஊதும் கூலருக்கு நேர் மேலே பேனலில் துளைகள் இல்லையென்றால் ஃபேனுக்கு மேல் 10 முதல் 15 மி.மீ. காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மூச்சு முட்டி, சத்தம்தான் மிஞ்சும். 84 மி.மீ. இடத்துக்கு 70 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்.ஹெச்.-எல்12எஸ் பொருத்தம், இன்னும் நெருக்கடி என்றால் 47 மி.மீ. உயரமுள்ள தெர்மல்ரைட் ஏ.எக்ஸ்.பி.90-எக்ஸ்47. சில கேபினெட்டுகளில் எஸ்.எம்.பி.எஸ். பிராசஸருக்கு மேலேயே தொங்கும். அங்கே பேனல் வரை அளந்து பயனில்லை, எஸ்.எம்.பி.எஸ். வரை அளக்க வேண்டும். கீழ்நோக்கி ஊதும் வகைக்கு ஒரு கூடுதல் லாபம்: சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சுற்றுப் பாகங்களும் சேர்ந்து குளிரும்.

கேள்வி: 120 மி.மீ. லிக்விட் கூலர் போட்டால் இந்தத் தொல்லையெல்லாம் தீராதா?

பதில்: தீராது. ரேடியேட்டர் 27, ஃபேன் 25 என்று 52 மி.மீ. ஆழம் போய்விடும், இருக்கும் ஒரே பின்பக்க ஃபேன் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். காற்று வரும் வழியைத் திறக்காதவரை தண்ணீரும் சூடாகத்தான் இருக்கும்.

கேள்வி: சைடு பேனலில் பிராசஸருக்கு நேரே ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. கழற்றிவிடலாமா?

பதில்: பென்டியம் 4 காலத்தில் வெளிக்காற்றை நேராகக் கூலருக்குக் கொடுக்க வைத்த குழாய் அது. உங்கள் கூலர் கீழ்நோக்கி ஊதும் வகையாக இருந்து, குழாய் வாய் அதற்கு நேராக அமைந்தால் அப்படியே விடுங்கள், நல்ல ஏற்பாடு. டவர் கூலரில் (பக்கவாட்டில் ஊதும் உயரமான வகை) இடித்தால் கழற்றலாம், துளைகளை அடைக்க வேண்டாம். கிராபிக்ஸ் கார்டுக்கு நேரே துளைகள் இருந்தால் அதைவிட அதிர்ஷ்டம். தூசுக்கு மெல்லிய வலை போதும். தடித்த பஞ்சு ஃபில்டர் காற்றையும் சேர்த்தே நிறுத்தும்.

கேள்வி: புதிதாக மாட்டிய 3 பின் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் அலறுகிறது. மற்றொன்று நிமிடத்துக்கு நாலு முறை ஏறி இறங்குகிறது.

பதில்: முதலாவதுக்கு, பயாஸில் அந்த ஹெடரை (மதர்போர்டில் ஃபேன் வயர் செருகும் இடம்) பி.டபிள்யூ.எம். முறையிலிருந்து (நாலாவது பின் வழியாக வேகத்தைச் சொல்வது) டி.சி. முறைக்கு (வோல்ட்டைக் கூட்டிக் குறைப்பது) மாற்றுங்கள். பி.டபிள்யூ.எம்.மில் 3 பின் ஃபேனுக்கு எப்போதும் 12 வோல்ட்தான் போகும். இரண்டாவது ஃபேன், பிராசஸரின் நொடி நேரச் சூட்டுக்கெல்லாம் துள்ளுகிறது. ஃபேன் வேகம் கூடுவதற்கான தாமதத்தை 3 முதல் 5 நொடியாக வைத்து, 60 டிகிரி வரை வேகம் மாறாதபடி பயாஸில் உள்ள வேகக் கோட்டைத் தட்டையாக வரையுங்கள்.