லாக்கரும் கடைசி பெஞ்சும்

அன்புள்ள சார்,

போன ஞாயிறு வடபழனியில் ஒரு பள்ளிக்கூடக் காதல் படம் பார்த்தேன். டைட்டில் ஓடும்போது நடைபாதை நெடுக லாக்கர்கள். ஒரு பையன் அதை டமாலென்று சாத்துகிறான். நான் படித்தது சைதாப்பேட்டையில். லாக்கரைக் கண்ணால் கண்டதே இல்லை. நம் ஆட்கள் ஏன் இப்படி எடுக்கிறார்கள்? டைட்டிலுக்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அமெரிக்காவில் லாக்கர் வெறும் அலங்காரப் பொருள் அல்ல. அங்கே உயர்நிலைப் பள்ளியில் பீரியட் முடிந்தால் பிள்ளைகள்தான் அறை அறையாகப் போகவேண்டும். புத்தகமூட்டையை எங்கே வைப்பது? அதற்குத்தான் லாக்கர். மணி அடித்ததும் பள்ளியே அங்கே திரள்வதால் சண்டை, காதல், கேலி எல்லாம் அதன் முன்னால். சாப்பாட்டுக்கூடமும் அப்படித்தான்: யார் எந்த மேசை என்று பார்த்தாலே ஜாதகம் தெரிந்துவிடும். 2004-ல் வந்த 'நெப்போலியன் டைனமைட்' டைட்டிலில் பெயர்களைச் சாப்பாட்டுத் தட்டுகளில் எழுதிக் காட்டுவார்கள். நாயகனின் மாணவர் அடையாள அட்டையும் வரும். கதை தொடங்குமுன்பே பையனின் லட்சணம் புரிந்துவிடும்.

நமக்கு நேர்மாறு. நாம் உட்கார்ந்தே இருப்போம், வாத்தியார்கள் மாறி மாறி வருவார்கள். வருஷம் முழுக்க ஒரே பெஞ்ச். அதனால்தான் 'கடைசி பெஞ்ச்' என்றால் நமக்கு அது ஒரு குணம். டிபன் பாக்ஸைத் திறப்பதும் பெரும்பாலும் அங்கேதான். லாக்கரைக் கடன் வாங்கியவர் இதையெல்லாம் கோட்டைவிட்டார். (அந்த லாக்கர்களை செட்டுக்காகவே செய்திருப்பார்கள், பாவம்.)

மெனக்கெடல் நமக்குப் புதிதல்ல. 1992-ல் 'அண்ணாமலை'யில் தேவா இசையோடு புள்ளி புள்ளியாக வந்த 'சூப்பர் ஸ்டார்' எழுத்துக்கு இன்றும் விசில் பறக்கிறது. ஆனால் அது நட்சத்திரத்துக்கான உழைப்பு. பள்ளிப் படத்தில் பெரும்பாலும் புதுமுகங்கள். 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை' வந்தபோது கார்த்திக், ராதா இருவருக்குமே அதுதான் முதல் படம். பட்டப்பெயருக்கு கார்டு ஒதுக்கும் தொல்லை இல்லை என்றால் அந்த இரண்டு நிமிஷமும் இயக்குநர் கையில்தானே? அதைக் கொண்டுபோய் லாக்கருக்குக் கொடுத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, நானாக இருந்தால் பெஞ்சைக் கிட்டத்தில் காட்டுவேன். காம்பஸ் முள்ளால் செதுக்கிய பெயர்கள், பாதி அழிந்தவை, மேலே இங்க் கொட்டியவை. நடுநடுவே நடிகர்கள் பெயர். எங்கள் பெஞ்சில் எனக்கு முன்னால் இருந்தவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி மட்டும் இருந்தது. அடுத்த பெயரைச் சுரண்டிவிட்டிருந்தார்கள். சைதாப்பேட்டை பெஞ்சில் உங்கள் பெயர் இருந்ததா?